புதுக் காரா, பழைய காரா? நாலரை மாதம் அலைந்தவன் சொல்வது

ஏழு வருஷம் ஓடிய ஒரு பெட்ரோல் காரை 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கினேன். வண்டி நல்ல வண்டிதான், இன்றுவரை நடுவழியில் நின்றதில்லை. ஆனால் ஆர்சி என் பெயருக்கு வர நாலரை மாதம் ஆனது. ஆர்டிஓ ஆபீஸ் எதிரே இருக்கும் டீக்கடைக்காரர், நான் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போடும் அளவுக்குப் பழகிவிட்டார். கோளாறு முழுக்க பேப்பரில் இருந்தது. அதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை.

நான் இருப்பது திருநெல்வேலி. அதனால் வரி, ஆர்டிஓ நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் சொல்கிறேன். முதல் கார் வாங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. விலைக்கு முன் கிலோமீட்டரை எண்ணுங்கள்

புதுசா பழசா என்று கேட்டால் எல்லாரும் பட்ஜெட்டைத்தான் முதலில் கேட்பார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன்: வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டப் போகிறீர்கள்?

என் மச்சான் ஏழு லட்சத்துக்கு மேல் போட்டுப் புது வண்டி எடுத்தார். ஆபீஸுக்கு பைக், பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன். கார் வெளியே வருவது குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டுவதில்லை. ஆனால் வண்டி ஓடினாலும் நின்றாலும் வயது ஏறத்தான் செய்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணையின்படி நான்கு வருஷம் தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் 50 சதவீதம். சந்தை விலை அதைவிடக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் போகிற திசை அதுதான்.

என் கணக்கு இப்படி. வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டருக்குள் என்றால் பழைய வண்டி போதும். தினமும் வேலைக்கு எடுத்துப் போவேன், 12,000-க்கு மேல் ஓடும், எட்டுப் பத்து வருஷம் வைத்திருப்பேன் என்றால் புதுசு நியாயம். நடுவில் இருப்பவர்களுக்கு மூன்று, நான்கு வருஷம் ஓடிய வண்டி. இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்றால் கிலோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம், பழசே எடுங்கள். முதல் ஆறு மாதத்தில் கேட்டில் ஒரு கீறல், தூணில் ஒரு நசுங்கல் கட்டாயம் உண்டு.

2. புது வண்டியின் உண்மையான விலையை எழுதிப் பாருங்கள்

விளம்பரத்தில் வருவது எக்ஸ்ஷோரூம் விலை. நீங்கள் கொடுக்கப் போவது ஆன்ரோடு விலை. நடுவில் இருக்கும் பெரிய தொகை தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

6 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 78,000. அதன்மேல் இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தனி. பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், மிதியடி, சீட் கவர் எல்லாம் சேர்ந்தால் 7 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 9 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. அதே வண்டியில் ஒரு படி மேலான மாடல் 10 லட்சத்து 10 ஆயிரம் என்றால் வரி 1,81,800. விலையில் வித்தியாசம் 15,000, வரியில் 52,000-க்கு மேல். 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும். "சன்ரூஃப் வெறும் பதினஞ்சாயிரம்தான் சார்" என்று ஷோரூமில் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்குள் இருக்கும் வண்டிகள் இதில் வரும். புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்க வேண்டும். பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் விலை சொன்னால் இதைச் சொல்லியே பேரம் பேசலாம்.

3. பழைய வண்டிக்கும் ஒரு ஆன்ரோடு விலை உண்டு

சொல்லும் விலையோடு முடிந்துவிடாது. வாங்கிய முதல் மூன்று மாதத்தில் நான் போட்டது 41,000: நான்கு டயர், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ், முன்பக்க சஸ்பென்ஷனில் சில புஷ்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஏழு வருஷ வண்டிக்கு இது வழக்கம்தான். விலையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை உங்கள் பட்ஜெட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் எடுப்பவர்கள் வட்டியையும் பாருங்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். 6 லட்சத்தை 9 சதவீதத்தில் ஐந்து வருஷம் கட்டினால் மாதம் 12,455. 4 லட்சத்தை 13 சதவீதத்தில் நான்கு வருஷம் கட்டினால் மாதம் 10,731. கடனில் 2 லட்சம் குறைவு, மாதத் தவணையில் 1,700 ரூபாய்தான் குறைவு. பழைய வண்டியைக் கையிருப்பில் வாங்கினால்தான் அதன் லாபம் முழுசாகக் கிடைக்கும்.

வயதையும் எண்ணுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், மத்திய அரசு விதிப்படி முதல் முறை புதுப்பிக்கும் கட்டணமே 5,000. 2012 மாடல் வண்டியை இன்று வாங்குகிறவர் உண்மையில் ஒன்றிரண்டு வருஷத்தைத்தான் வாங்குகிறார். 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களில் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம், அந்த வருஷம் ஜூலைக்குப் பின் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். நாற்பது, ஐம்பதாயிரம் கூடுதலானாலும் இந்தத் தேதிகளுக்குப் பிந்திய வண்டியாகப் பார்க்கச் சொல்வேன்.

4. பேப்பரைப் பார்த்துவிட்டு வண்டியைப் பாருங்கள்

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வண்டியைப் பார்த்தேன், பிடித்துப்போனது, அட்வான்ஸ் கொடுத்தேன், அப்புறம்தான் பேப்பர் கேட்டேன்.

விற்பவரிடம் முதலில் வண்டி நம்பரைக் கேளுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் அதைப் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். "ஃபர்ஸ்ட் ஓனர் சார்" என்பவரின் வண்டிக்கு அங்கே மூன்று என்று காட்டினால் அத்தோடு விட்டுவிடுங்கள். இ-சலான் தளத்திலும் அதே நம்பரைப் போட்டு அபராத பாக்கி பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நிற்கும்.

நான் மாட்டியது ஹைப்போதெகேஷனில், அதாவது கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்சியில் பதிவாகி இருப்பதில். விற்றவர் வண்டிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், கடன் பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த என்ஓசியும் வைத்திருந்தார். ஆனால் அதை ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் இருந்த வங்கியின் பெயரை நீக்கவே இல்லை. நான் கொண்டுபோனபோது அந்த என்ஓசிக்கு வயது இரண்டு வருஷம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். புது என்ஓசி வேண்டுமென்றால் கடன் வாங்கியவரே கேட்க வேண்டும். அவரோ அதற்குள் வெளிநாடு போயிருந்தார். போன் போட்டால் "அடுத்த வாரம் மெயில் பண்றேன் பிரதர்" என்பார். அடுத்த வாரம் என்பது பதினேழு வாரம் போனது.

ஆகவே ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால், "லோன் முடிஞ்சிருச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 (வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம்), காலாவதியாகாத என்ஓசி இரண்டும் கையில் வர வேண்டும். விற்பவரே நீக்கிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசி. பலர் இதைத் தேதிக்காக மட்டும் பார்க்கிறார்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். "ஆறு வருஷமா ஒரு சின்ன ஆக்சிடென்ட் கூட இல்லை" என்கிறவரின் பாலிசியில் அது பூஜ்யமோ 20-ஓ என்றால், சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று கேளுங்கள்.

வெளி மாநில வண்டிகள் தனிக் கதை. டெல்லிப் பக்கம் 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் தடை வந்த பிறகு, அங்கிருந்து வண்டிகள் மலிவாக இங்கே இறங்குகின்றன. புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் அப்படியே. விலையைக் கேட்டால் ஆசையாக இருக்கும். ஆனால் அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை இங்கே திரும்பக் கட்டி, புது நம்பர் போட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்தபின்னும் மலிவாக இருந்தால் பாருங்கள். முதல் வண்டி வாங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

5. வண்டியைப் பார்க்கும் நாள்

பகலில் போங்கள், மழை நாளில் போகாதீர்கள். நனைந்த பெயிண்டில் எந்தக் குறையும் தெரியாது. எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, போல்ட்டுகளை. பானெட், கதவு, டிக்கி இவற்றின் போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பு வருஷக் குறியீடு இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு வருஷம், ஒன்று மட்டும் வேறு என்றால் கேள்வி கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-ன் 23-ம் வாரம் செய்தது. மீட்டர் 28,000 காட்டும் வண்டியில் டயர் இரண்டாவது செட், கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழு என்றால் மீட்டரைக் குறைத்திருக்கலாம். கம்பெனி சர்வீஸ் வரலாற்றை விற்பவரின் போனிலிருந்தே வரவழைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பது எங்கள் ஊருக்கு வெறும் பேச்சல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் நெல்லையும் தூத்துக்குடியும் தண்ணீரில் கிடந்தன. அந்த வண்டிகளில் பலவும் துடைத்து மினுக்கப்பட்டு எங்கோ விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியைப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், தூக்கலான சென்ட் வாசம், இதெல்லாம் அடையாளம். சந்தேகம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வயரிங்கில் போன தண்ணீர் இரண்டு வருஷம் கழித்தும் வேலையைக் காட்டும்.

மெக்கானிக்குக் கூலியாக ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். கடைசியாக, சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்சியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள்.

6. பணம் கொடுக்கும் நாள்

முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. நான் செய்யாமல் விட்டதையும் செய்யுங்கள்: 20, 25 ஆயிரம் ரூபாயைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வையுங்கள், அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாக்கிப் பணம் இருந்தால் "அடுத்த வாரம்" சீக்கிரம் வரும்.

கையில் வர வேண்டியவை: அசல் ஆர்சி, விற்பவர் கையெழுத்திட்ட ஃபார்ம் 29 (விற்றதைத் தெரிவிக்கும் படிவம்) இரண்டு பிரதி, ஃபார்ம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), இன்சூரன்ஸ் பாலிசி, புகைச் சான்று, விற்பவரின் ஆதார், பான் நகல்கள், இரண்டு சாவி. கையெழுத்து ஆர்டிஓவில் பதிவானதைப் போலவே இருக்க வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று ஒப்படைப்பதற்கு முன் கேமராவில் சிக்கிய அபராதம் யாருடையது என்று பின்னால் சண்டை வராது.

டீலரிடம் வாங்கினால், பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். பெயர் எழுதாத ஃபார்ம்களில் கையெழுத்து வாங்கிக் கைமாற்றிக்கொண்டே போகும் புரோக்கரிடம் மட்டும் வேண்டாம். ஆர்சியில் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று பேர் இருப்பார்கள், மூவரும் போன் எடுக்க மாட்டார்கள்.

7. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும்

ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிவிட்டு, அச்செடுத்த தாள்களோடு ஆபீஸ் போகலாம். மத்திய விதிப்படி காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, அதன்மேல் மாநிலச் சேவைக் கட்டணம். உங்கள் வாங்குதலுக்கும் கடன் என்றால் ஹைப்போதெகேஷன் பதிய 1,500. இதற்குத் தரகர் 5,000 கேட்டால் அதில் எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு அவருக்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வண்டி வேறு ஆர்டிஓ எல்லையில் பதிவானது என்றால், கூடுதலாக என்ன வேண்டும் என்று விண்ணப்பத்துக்கு முன்பே உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு நடை கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி முதல் ஆர்சி விரைவு அஞ்சலில்தான் வருகிறது. முகவரியில் கதவு எண், பின்கோடு, போன் நம்பர் சரியாக இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எனக்கு இரண்டாவது அடி இங்கேதான். ஆர்சி வரட்டும், அப்புறம் சேர்த்து மாற்றலாம் என்று இருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு லாரி இரண்டு கதவையும் உரசிவிட்டுப் போனது. பாலிசி பழையவர் பெயரில், கிளெய்ம் கிடையாது. டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் 11,000 கைக்காசு. பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து வந்துவிடும், உங்கள் வண்டியின் சேதத்துக்கு அப்படி வராது. ஆர்சி கையில் வராவிட்டாலும் ஃபார்ம் 29, 30, ஆர்டிஓ ரசீது இவற்றோடு கம்பெனியை அணுகுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். ஃபாஸ்டேக்கையும் அவரை மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

இது விற்பவருக்கும் முக்கியம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறவர்களும் இதை மறக்க வேண்டாம்.

8. புதுசுதான் என்று முடிவு செய்தால்

பேப்பர் அலைச்சல் இல்லை, ஷோரூமே பதிவு செய்து தரும். கவனிக்க வேண்டியது ரசீதைத்தான். விலைத் தாளை வரி வரியாகப் படியுங்கள். ஹேண்டிலிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவர்களிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை வாங்கிக் காட்டினாலே பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஆக்சசரி பேக்கேஜ் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்பார்கள். வேறு ஷோரூமுக்குப் போன் போடுங்கள். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

டிசம்பரில் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் ஜனவரி பிறந்ததும் அது போன வருஷ வண்டி, விற்கும்போது ஒரு வயது கூடுதலாகக் கணக்காகும். ஐந்து வருஷத்தில் விற்கப் போகிறவருக்கு அந்தத் தள்ளுபடி பெரிதாக இருக்க வேண்டும். பத்து வருஷம் வைத்திருப்பவர் தயங்காமல் எடுக்கலாம்.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய் உங்கள் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பதிவாகிவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். சேசிஸ் நம்பரைப் படம் எடுங்கள், தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், மீட்டர் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் ஏன் என்று கேளுங்கள், பெயிண்டைக் கையால் தடவிப் பாருங்கள், ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். டெலிவரி நாளில் படம் எடுக்க அவசரப்படுத்துவார்கள். அந்த சேசிஸ் நம்பர் ரசீதிலும் பாலிசியிலும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்து முடியும்வரை சாவியை வாங்காதீர்கள். கேக் வெட்டுவது, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவது எல்லாம் அதற்கப்புறம்.